காட்டுப் பக்கத்துச் சிலுவை

எல்வீனே வீட்டுக் கதவுக்குக் கொண்டி கிடையாது. பனிக்காலத்தில் காற்று தள்ளாமலிருக்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளே ஒரு கொண்டி இருக்கும். அவள் மட்டும் கதவின் அடியில் உருண்டைக் கல் ஒன்றை வைத்துவிட்டுப் படுப்பாள். வெளியிலிருந்து தோளால் தள்ளினால் கல் நகர்ந்து வழிவிடும். காட்டுக்குப் போன ஓஸ்வால்ட் எந்த நேரத்தில் வந்தாலும் தட்டி நிற்கக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு.

கல்யாணமாகி இரண்டாம் வருஷமே அவள் புருஷன் ஓஸ்வால்ட் சிப்பாய்களுக்குத் தப்பி ஒளிந்து வாழக் காட்டுக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் பலர் அப்படிப் போனார்கள். போகாதவர்களைச் சிப்பாய்கள் வந்து கூட்டிப்போனார்கள். மகள் மாயு பிறந்த மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்தபோது, அவன் ஒரு தடவை வந்தான். குழந்தையின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்தான். சூடான உருளைக்கிழங்கு இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றா சொன்னேன்? எல்வீனே ஒப்புக்கொள்ள மாட்டாள். அந்த வருஷ இலையுதிர் காலத்தில் ஒரு நாள் விடிந்தபோது, அவள் ஜன்னல் விளிம்பில் பிர்ச் மரப்பட்டையில் முடைந்த கூடை ஒன்று இருந்தது. நிறையச் சிவப்புக் காட்டுப்பழம். கைப்பிடியில் கம்பளி நூல் சுற்றி, வலைக்காரர்கள் போடுவது போல இரண்டு கண் வைத்த முடிச்சு. அது ஓஸ்வால்டின் முடிச்சு. அதற்கு முந்தைய வாரங்களில் அவள் சாப்பாட்டையே விட்டிருந்தாள். கோடைத் தொடக்கத்தில் சிப்பாய்கள் காட்டைச் சல்லடை போட்டார்கள், துப்பாக்கிச் சத்தம் கேட்டது, பிறகு சேதி இல்லை. மார்பில் பால் வற்றி, மாயு அழுவதற்கும் தெம்பில்லாமல் கிடந்தாள். அந்தப் பழத்தை எல்வீனே சர்க்கரைகூடப் போடாமல், புளிக்கப் புளிக்க, கூடை காலியாகும் வரை தின்றாள். அப்புறம் ரொட்டி கேட்டாள். நான் அடுத்த வீட்டுக்காரி. கறுப்பு ரொட்டியை அறுத்து அவள் கையில் கொடுத்தவள் நான்தான்.

அன்றிலிருந்து அவள் பேச்சு ஒன்றுதான். "துப்பாக்கிச் சத்தத்துக்கு அப்புறமும் அவரு உசுரோடதான் இருந்தாரு. பழம் கொண்டு வந்தாரே."

அவளோடு அந்த வீட்டில் இருந்தவர் மாமனார் யாகுப். பெண்டாட்டி லீனாவை முன்னமே பறிகொடுத்தவர். பனிக்காலமெல்லாம் மூலையில் உட்கார்ந்து வலை பின்னுவார். வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசினால் அன்றைக்குத் திருவிழா. மாயு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அவர் கொல்லுப்பட்டறையிலிருந்து ஒரு கொண்டி அடித்து வாங்கி வந்தார். "கதவுக்கு இதைப் போட்டுடலாமா, எல்வீனே?" என்றார். அவள் அதை வாங்கினாள், கிணற்றடிக்குப் போனாள், உள்ளே போட்டாள். ரொம்ப நாள் மாமனாரோடு பேசவில்லை. கிழவர் கொண்டிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மீதி புரியும். சவத்தை இடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், காடு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பைன் மரம். வண்டியை அங்கே நிறுத்துவோம். செத்தவருக்கு நெருங்கிய ஆண்பிள்ளை ஒருவர் மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையை உரித்து, கட்டையில் சிலுவை வெட்டுவார். ஆளுக்கு ஒரு வாய் சாராயம், ஒரு துண்டு ரொட்டி. செத்தவர் வீட்டு நினைப்பில் எழுந்து நடந்து வந்தாலும், தன் சிலுவையைக் கண்டதும் அந்த இடத்தில் நின்றுவிடுவார். திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். எனவே எங்கள் ஊரில் ஒருவர் செத்தாரா இல்லையா என்பதற்கு அந்த மரம்தான் சாட்சி. எல்வீனே அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சாலையைப் பார்த்த சிலுவைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். இது இன்னாருக்கு, இது இன்னாருக்கு என்று உதடு அசையும். ஓஸ்வால்டுக்கு இல்லை. நிம்மதியாக நடப்பாள்.

யாகுப் செத்தபோது வெட்ட மகன் இல்லாததால், மரமறுக்கும் இல்மார்தான் வெட்டினான். கீழே இடமில்லாமல் எல்லாச் சிலுவைகளுக்கும் மேலே, எக்கி நின்று வெட்டினான்.

இதெல்லாம் பழைய கதை. நான் சொல்ல வந்தது, கூட்டுப்பண்ணை எங்கள் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டத் தொடங்கிய வருஷத்தை.

எந்திரங்கள் வந்தன. வயலின் நடுவே தனித்தனியாக நின்ற வீடுகளையெல்லாம் இடித்து, ஒரே நிலமாக்குவது திட்டம். எல்வீனே வீட்டுக்கும் சேதி வந்தது: பனி விழுவதற்குள் காலி செய்ய வேண்டும். பண்ணை மையத்தில் மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில் அவளுக்கும் மாயுவுக்கும் இரண்டு அறை. குழாயைத் திறந்தால் வெந்நீர். மாயு அங்கேயே பால்பண்ணையில் வேலை பார்த்தாள். அவளுக்கு இது கையில் விழுந்த பழம்.

உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தோம். மண் ஈரம், விரல் விறைக்கும் குளிர். குனிந்த முதுகு குனிந்தபடியே மாயு ஆரம்பித்தாள்.

"அம்மா, சாவியைக் கொடுத்துட்டாங்க."

"யாருக்கு?"

"நமக்குத்தான். வேற யாருக்குக் கொடுப்பாங்க?"

"உனக்குக் கொடுத்திருக்காங்க. நீ போய் இரு."

"கூரையில ஓட்டை. சுவரு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. எந்திரக்காரன் அந்த வேலி வரைக்கும் வந்துட்டான். நீ மட்டும் இங்க உக்காந்து என்ன பண்ணப்போற?"

"உங்கப்பா வந்தா எங்கடி வருவாரு? செங்கல் வீட்டுக்கா? அங்க எத்தனை கதவு! எல்லாம் ஒரே மாதிரி!"

மாயு கையிலிருந்த கிழங்கை வாளியில் எறிந்தாள். "வர்றவரு இத்தனை வருஷமா வராம இருப்பாரா? மீலி அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

என்னை ஏன் இழுக்கிறாள் என்று எனக்குக் கோபம். "நான் என்னத்தச் சொல்ல? உங்கம்மாவுக்குப் புத்தி சொல்லி என் பல்லே தேஞ்சுபோச்சு" என்றேன்.

"உனக்கு ஏது பல்லு?" என்றாள் எல்வீனே. மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பின் தடமே இல்லை. "எந்திரம் வரட்டும். நான் வாசல்ல உக்காந்துக்கறேன். என் மேல ஏத்திட்டுப் போகட்டும்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். மாயு அங்கேயே, சேற்றில், மண்டியிட்டபடி அழுதாள்.

கிழங்கு பாதி எடுத்திருந்தபோதுதான் அந்தப் புயல். மறுநாள் காலை வேலிகள் இல்லை, என் கோழிக்கூட்டின் கூரை எல்வீனேயின் ஆப்பிள் மரத்தில் தொங்கியது. இல்மார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"சிலுவை மரம் விழுந்துடுச்சு. சாலைக்குக் குறுக்கால. ட்ராக்டர் போக முடியலை, அறுக்கச் சொல்றாங்க."

"அறுத்தியா?"

"நானா? அதுல ரம்பம் வெச்சவன் கை விளங்காதுன்னு எங்கம்மா சொல்லுவா."

"உன் கை எப்ப விளங்கிச்சு, இப்ப விளங்காமப் போறதுக்கு?" என்றேன். "வா, நாங்க பக்கத்துல நிக்கறோம்."

நாங்கள் மூன்று பெண்களும் அவனோடு போனோம். மரம் வேரோடு சாயாமல், இடுப்பு உயரத்தில் முறிந்து, சாலையின் மேல் கிடந்தது. சிலுவைகள் ஒரு விலாப்பக்கமாகத் தெரிந்தன. சில புதுசு, சில ஆறிப்போன தழும்பு, சில பட்டைக்குள் மூழ்கி வெறும் கீறல். எல்வீனே பழக்கம்போல ஒவ்வொன்றாக உதட்டை அசைத்துப் பார்த்தாள்.

இல்மார் தொப்பியைக் கழற்றி, மரத்திடம் மன்னிப்புக் கேட்கிறவன் போல ஏதோ முணுமுணுத்துவிட்டு, மோட்டார் ரம்பத்தை உசுப்பினான். "சிலுவை எதையும் தொட மாட்டேன். எல்லாத்துக்கும் மேல அறுக்கறேன். இந்தத் துண்டை அப்படியே ஓரமா உருட்டி வெச்சுடலாம். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அடுப்புல வைக்கக் கூடாது" என்றான். அதெல்லாம் எங்களுக்கே தெரியும்.

ரம்பம் இறங்கியது. பாதியில் அதன் குரல் மாறியது. சீராக உறுமிக்கொண்டிருந்தது கீச்சென்று கத்தியது; பிசின் வாசம் குப்பென்று எழுந்தது.

"ஆணியா?" என்றாள் மாயு.

"ஆணி இல்லை. கட்டை கல்லாகியிருக்கு" என்றான் இல்மார். அறுத்து முடித்து, மேல் மரத்தைப் புரட்டி, வெட்டுமுகத்தைக் கையால் துடைத்தான். வட்டமாக, வெண்ணெய் நிறத்தில் வெளிறு என்கிற இளங்கட்டை. நடுவில் தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த கட்டை. வளையத்துக்குள் வளையம். சாலைப் பக்கம், பட்டைக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு கறுப்புக் கீற்று.

"இது யாகுப் தாத்தாவோடது" என்றான். "நான் உரிச்ச பட்டையோட உச்சி. ரம்பம் கொஞ்சம் உரசிடுச்சு, மன்னிக்கணும் எல்வீனே."

எல்வீனே அவன் பேச்சைக் கேட்கவில்லை. மறுபுறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டுப் பக்கம். அங்கேயும் ஒரு கறுப்புக் கீற்று இருந்தது. ஆனால் ரொம்ப உள்ளே. அதன்மேல் வளையங்கள் இரண்டு பக்கமிருந்தும் உதடு போலச் சுருண்டு வந்து, நடுவில் சேர்ந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல நேராக ஓடின. வெளியே பட்டையில் ஒரு மெல்லிய தையல். அதுவும் தேடினால்தான்.

"இது என்ன?"

"காயம்" என்றான் இல்மார். "இடி இறங்கியிருக்கும். இல்லை, வண்டி..." நிறுத்திக்கொண்டான். காட்டுப் பக்கத்தில் வண்டி ஏது?

"திற" என்றாள்.

"எல்வீனே..."

"திறடா."

அவன் ஆப்பை எடுத்து அந்தக் கறுப்புக் கீற்றில் வைத்து அடித்தான். மரம் பெட்டி மூடி போலப் பிளந்து விழுந்தது. உள்ளே பிசின் பூசி மெருகேறி, நேற்று வெட்டியது போல, ஒரு சிலுவை. விழுந்த மூடியின் உட்புறத்தில் அதே சிலுவை மேடாக எழும்பி நின்றது, அச்சில் ஊற்றிய மெழுகு போல. பேரில்லை, வருஷமில்லை. எங்கள் ஊரில் அதெல்லாம் வெட்டுவதில்லை.

எல்வீனே முழங்காலிட்டு, கட்டைவிரலால் சிலுவையின் கையைத் தடவினாள். ஒவ்வொரு வெட்டின் நடுவிலும் நூல் மாதிரி ஒரு வரப்பு இருந்தது.

"பல்லு உடைஞ்ச கோடாலி" என்றாள்.

எனக்குத் தெரியும் அந்தக் கோடாலி. யாகுப்பினுடையது. அதன் வாயில் ஒரு பல் பெயர்ந்திருந்தது. இன்றைக்கும் எல்வீனே அதில்தான் அடுப்புக்குச் சிராய் பிளக்கிறாள். அவள் வீட்டுச் சிராய் ஒவ்வொன்றிலும் அந்த வரப்பு இருக்கும்.

"எந்த வருஷம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும். காயத்து மேலயே எண்ணக் கூடாது, ஏமாத்திடும். பக்கத்துல நல்ல கட்டையில எண்ணி, அந்தக் கோட்டைப் பிடிச்சுட்டே காயத்துக்கு வரணும். நான் எண்ணட்டுமா?"

"நான் எண்ணிக்கறேன்."

கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பட்டை ஓரத்தில் வைத்தாள்.

"இது இந்த வருஷம். இது போன வருஷம், புல்லெல்லாம் அழுகிப்போச்சே. இது... இல்மார், இது ஏன் இவ்வளவு ஒல்லி?"

"மழையே பெய்யலையே அப்ப. மாட்டுக்கு பிர்ச் இலை ஒடிச்சுப் போட்டோமே."

"ஆமா. மரத்துக்கும் பட்டினியா?" ஊசி நகர்ந்தது. பட்டையிலிருந்து எட்டாவது வளையத்தில் நிறுத்தி, அந்தக் கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே சாலைப் பக்கம் சுற்றி வந்தாள். அது யாகுப்பின் கீற்றில் போய் முட்டியது. "மாமா போனது. சரியாத்தான் வருது." திரும்பிப் போய் மறுபடி தொடங்கினாள்.

பிறகு நூல் போல நாலைந்து வளையம் நெருக்கியடித்துக் கிடந்தன. "சாலையை அகலப்படுத்தி வேரை வெட்டினாங்கல்ல, அது" என்றேன் நான். தலையாட்டினாள். மாயு பள்ளிக்கூடம் போனது. அதற்கும் உள்ளே, மாட்டைக் கூட்டுப்பண்ணைக்கு ஓட்டிப்போனது. அன்றைக்குத்தான் மாயு முதலடி வைத்தாள், நாங்கள் அழுவதா சிரிப்பதா என்று நின்றோம். ஊசி இன்னும் ஒரு கோடு உள்ளே போயிற்று. அங்கிருந்து விரலை ஓட்டிக் காட்டுப் பக்கம் கொண்டுவந்தாள். விரல் காயத்தில் இறங்கியது.

"மாயு பிறந்த வருஷம்."

நான் ஒரு கணம் ஆறுதலடைந்தேன். "பழம் கொண்டு வந்த வருஷம்தானே? அதுக்கப்புறம் பனிக்காலத்துல ஏதாவது..."

எல்வீனே இல்மாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லு."

"எல்வீனே, மரம் ஒவ்வொரு வருஷமும் முதல்ல வெளுப்பா வளரும். கோடை முடிஞ்சதும் செகப்பா ஒரு கோடு போட்டு மூடிக்கும். இங்க பாரு, காயம் பட்ட இடத்துல வெளுப்பு மட்டும்தான் இருக்கு, அதுவும் கொஞ்சம். கோடு விழறதுக்கு முன்னாடியே பட்டையை உரிச்சிருக்காரு. பட்டையும் சுத்தமா வந்திருக்கு. மரத்துல நீர் ஏறுற சமயத்துலதான் அப்படி வரும்."

"எப்போ?"

"புல்லறுப்புக்கு முன்னாடி. கோடைத் தொடக்கத்துல."

காற்று நின்றிருந்தது. எங்கோ பண்ணையில் எந்திரம் ஓடும் சத்தம். எல்வீனே ஊசியைக் கொண்டையில் செருகப் போனாள், இடம் தப்பியது, மறுபடி செருகினாள்.

"அப்ப பழம்?" என்றாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

மாயுதான் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அப்பாவுக்கு அந்த முடிச்சு யாரு சொல்லிக்கொடுத்தா?"

வலை பின்னுகிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவர் மகனுக்கு ரொட்டி பிட்டுக்கொடுத்தது போலவே முடிச்சும் சொல்லிக்கொடுத்திருப்பார். இத்தனை வருஷம் எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மருமகள் சோறு தண்ணியில்லாமல் கிடக்கிறாள், பேத்தி தொட்டிலில் சுருங்குகிறாள். மகனைப் புதைத்த கை காட்டுக்குப் போய்ப் பழம் பொறுக்கியிருக்கிறது.

"கிழவரு சொல்லியிருக்கலாமே" என்றான் இல்மார் தாங்காமல். "அப்ப சரி, காட்டுக்காரனைப் புதைச்ச வீட்டை ரயில்ல ஏத்தி சைபீரியாவுக்கு அனுப்பிடுவாங்க. பின்னால சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தாரு" என்றாள் எல்வீனே. "கொண்டி அடிச்சுட்டு வந்தாரு. நான் கிணத்துல போட்டேன்."

அவளே தொடர்ந்தாள். குரல், பால் கணக்குச் சொல்கிற குரல்.

"சிலுவை வெட்டியிருக்குன்னா உடம்பு இந்த வழியா இடுகாட்டுக்குப் போயிருக்கு. வீட்டுலேர்ந்து வராம காட்டுலேர்ந்து வந்ததால அந்தப் பக்கம் வெட்டியிருக்காரு. சாலையில போறவங்க கண்ணுலயும் படாது. மீலி, அந்த வருஷம் மாமியார் கல்லறை மண்ணு புதுசா இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? புல்லறுப்பு சமயம். கேட்டேன். மண்ணு அமுங்கிப்போச்சு, மேல கொட்டினேன்னாரு."

எனக்கு ஞாபகம் இருந்தது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சாகும்போது யாகுப் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: எனக்கு லீனா பக்கத்தில் குழி தோண்டாதீர்கள், வேலியோரம் போதும். பெண்டாட்டியோடு என்ன கோபமோ என்று அப்போது ஊரே சிரித்தது.

எல்வீனேயும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். எழுந்தாள். வெட்டுமுகத்தின் மேல் கையை விரித்து வைத்தாள். சுண்டுவிரல் யாகுப்பின் கீற்றைத் தேடியது, கட்டைவிரல் மகனின் கீற்றைத் தேடியது. கை எட்டவில்லை. இரண்டாவது கையையும் வைத்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் மாமியாருக்குன்னு கல்லறையில நான் வாரி விட்ட மணல், இவருக்கும் சேர்த்துத்தான்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. விழுந்த மரத்தில் சிலுவை இருந்தவர்களுக்கெல்லாம் பக்கத்து இளம் பைன் ஒன்றில் மறுபடி வெட்டுவதென்று முடிவு. சீரகம் போட்ட பாலாடைக்கட்டி, கறுப்பு ரொட்டி, சாராயம் எல்லாம் வந்தன. இல்மார் எல்வீனேயிடமிருந்து பல் உடைந்த கோடாலியை வாங்கி யாகுப்புக்கு வெட்டினான். பிறகு மரத்தைச் சுற்றி காட்டுப் பக்கம் போய் நின்றான்.

"ஓஸ்வால்டுக்கு இங்கயா, சாலைப் பக்கமா?"

"வேண்டாம்" என்றாள்.

"வெட்டாம எப்படி? வழக்கம்னு ஒண்ணு..."

"வேண்டாம்னா விடுடா. கோடாலியைக் கொடு."

மாயு எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து இடுகாட்டுக்குப் போனோம். மரப்பல் வைத்த வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்வீனே முன்னால் நடந்தாள். லீனாவின் கல்லறையில் யாகுப் நட்ட ஜூனிப்பர் செடி ஆள் உயரம் நின்றது. அவள் புயல் கொட்டிய சுள்ளிகளைப் பொறுக்கினாள். மணலை வாரினாள், நாங்கள் எல்லோரும் செய்வது போல, பின்னோக்கி நடந்தபடியே, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு. ஓரம் வரை வந்தவள் நின்றாள். வாரியை மாயுவிடம் கொடுத்துவிட்டு, வாரிய மணலின் மேலேயே நடந்து திரும்பப் போனாள். ஜூனிப்பருக்குப் பக்கத்தில் குந்தினாள். காதோடு பேசுகிறவள் போலக் குனிந்தாள். இருந்தாலும் எங்களுக்குக் கேட்டது.

"வியாழக்கிழமை வீடு மாறறோம். பழைய வீட்டுக்குப் போயிடாதீங்க, இடிச்சுடுவாங்க. மரம் விழுந்துடுச்சு, இனிமே உங்களை யாரும் மறிக்க மாட்டாங்க. பண்ணை மையம், செங்கல் கட்டடம், மூணாவது மாடி. ஏறினதும் இடது கைப் பக்கக் கதவு. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நம்ம கதவுல உங்கப்பா முடைஞ்ச அந்தப் பழக்கூடை தொங்கும்."